மூன்றாவது வெடி

வெடி வைத்தவருக்கு வேலை முடிந்துவிட்டது. கையில் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்வது? "இருக்கட்டும், நாளைக்கு உதவும்" என்று வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பரண் மேலோ, கட்டில் மேலோ வைக்கிறார். பிறகு மறந்துவிடுகிறார்.

அந்த மிச்சம் என்ன செய்யும் என்பதை 2020-ம் ஆண்டு முசிறி வட்டாரம் பார்த்தது. பார்த்தவர்கள் நெஞ்சு பதறியது.

அலகரையில் நடந்தது

முசிறி வட்டாரத்தில் தொட்டியம் அருகே உள்ள ஊர் அலகரை. அது கொரோனா காலம். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள்.

அந்த ஊரில் சிலர் காவிரியில் மீன் பிடிக்க ஆசைப்பட்டார்கள். வலை வீசிக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கல் குவாரியில் வேலை பார்த்த ஒருவரிடம் மூன்று வெடிகள் வாங்கினார்கள். இரண்டை ஆற்றில் வெடித்தார்கள். மூன்றாவது மிச்சம். அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. போலீஸ் விசாரணையில் தெரிந்ததாக அன்றைய செய்திகள் சொன்னது இதுதான்.

ஜூன் 9-ந் தேதி 6 வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டான். தின்பண்டம் என்று நினைத்தான். எடுத்துக் கடித்தான். வெடி வாயிலேயே வெடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே அந்தப் பிஞ்சு உயிர் பிரிந்துவிட்டது.

கொடுமை அதோடு முடியவில்லை. போலீசாருக்குச் சொல்லாமலே இறுதிச் சடங்கை அவசரமாக நடத்திவிட்டார்கள். விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. போலீசார் வழக்குப் பதிவு செய்து சம்பந்தப்பட்டவர்களைக் கைது செய்தார்கள்.

வெடித்த இரண்டு வெடிகளால் மனிதர் யாருக்கும் ஆபத்து இல்லை. வெடிக்காமல் வீட்டில் கிடந்த மூன்றாவதுதான் எமனாக வந்தது. ஆபத்து எப்போதும் அந்த மிச்சத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

குவாரியில் இருந்து கட்டிலுக்கு

பாறை உடைக்கும் வெடி ஒரு குழந்தையின் கைக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் அடுத்த விபத்தைத் தடுக்கலாம்.

குவாரி வெடிகளுக்குச் சட்டம் உண்டு. 1884-ம் ஆண்டின் வெடிமருந்துச் சட்டமும், 2008-ம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. வெடிமருந்தை லைசென்ஸ் பெற்ற கிடங்கில்தான் வைக்க வேண்டும். கிடங்கு வீடுகளுக்குத் தள்ளி இருக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கணக்கு எழுத வேண்டும். தகுதிச் சான்று உள்ளவர்தான் வெடி வைக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விதி. வெடிமருந்தையும், அதைத் தூண்டும் டெட்டனேட்டரையும் ஒன்றாக வைக்கக் கூடாது. டெட்டனேட்டர் விரல் அளவுதான் இருக்கும். பார்த்தால் பேனா மூடி மாதிரி தெரியும். ஆனால் ஒரு குழந்தையின் கையைப் பிய்த்து எறிய அது ஒன்றே போதும்.

இத்தனை காவல் இருந்தும் விபத்து வரலாம். முசிறிக்குப் பக்கத்துத் தாலுகா துறையூர். அங்கே முருங்கப்பட்டியில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் 2016-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பெரிய வெடி விபத்து நடந்தது. 15-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பலியானார்கள். கட்டிடமே தரைமட்டம் ஆயிற்று. லைசென்ஸ் உள்ள தொழிற்சாலையிலேயே இப்படி என்றால், அடுப்பும் விளக்கும் எரியும் வீட்டில் என்ன பாதுகாப்பு இருக்க முடியும்?

ஆக, விதி குவாரி வாசல் வரைதான் காவல் நிற்கிறது. ஒரு தொழிலாளி நாலு காசுக்கு ஆசைப்பட்டு இரண்டு குச்சியை மடியில் கட்டிக்கொண்டு வந்தால், அதற்குப் பிறகு கணக்கும் இல்லை, காவலும் இல்லை. மடியில் நெருப்பைக் கட்டிய கதைதான். ஓட்டை விழுவது இங்கேதான். குவாரிக் கணக்கில் ஒரு குச்சி குறைந்தாலும் அன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டும். மாதம் கழித்துப் பார்த்துப் பயன் இல்லை.

மீனுக்கு வெடி எதற்கு?

ஆற்றில் வெடி வைத்து மீன் பிடிப்பது குற்றம். இது இன்று நேற்று வந்த சட்டம் அல்ல. வெள்ளைக்காரன் ஆண்ட 1897-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டம் வைத்த தண்டனை 2 மாதம் வரை ஜெயில், அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்தில் 200 ரூபாய் பெரிய தொகை.

வெடி வைத்தால் லாபமாவது உண்டா? அதுவும் இல்லை. தண்ணீருக்குள் வெடித்ததும் அந்த அதிர்ச்சியில் மீனின் வயிற்றில் உள்ள காற்றுப்பை கிழிந்துவிடும். பல மீன்கள் மேலே மிதக்காமல் அடியில் போய் அழுகும். முட்டையும் குஞ்சும் சேர்ந்து சாகும். ஒரு நாள் குழம்புக்காக அடுத்த வருஷத்து மீனையும் சேர்த்து அழிக்கிற வேலை இது.

துப்பாக்கி மருந்தும் அப்படித்தான்

முசிறிக்கு வடக்கே பச்சைமலை இருக்கிறது. கொல்லிமலையும் இருக்கிறது. மலையடிவாரத்துக் குடியானவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை உண்டு. ராத்திரி புகுந்தால் விடிவதற்குள் கடலைக் காடு பாழ். இதனால் சிலர் நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்கிறார்கள். சிலர் பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அவர்களுடைய கஷ்டம் உண்மையான கஷ்டம்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் நாட்டுத் துப்பாக்கிக்கு ஒவ்வொரு தடவையும் குழாய் வழியாகக் கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு இடிக்க வேண்டும். அதனால் துப்பாக்கி இருக்கும் வீட்டில் மருந்தும் இருக்கும். மழைக் காலத்தில் மருந்து நமுத்துப் போகும். அதை அடுப்பங்கரையில் காய வைப்பவரும் உண்டு. ஒரு பொறி பட்டால் போதும், வீடு சாம்பல்.

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். தோட்டா எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் அளவு உண்டு. பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டியது லைசென்ஸ்காரரின் பொறுப்பு. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கோ இந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

கண்டுபிடித்தவரே கற்ற பாடம்

பாறை பிளக்கும் டைனமைட்டைக் கண்டுபிடித்தவர் சுவீடன் நாட்டு ஆல்பிரட் நோபல். நோபல் பரிசு இவர் பெயரால்தான் வழங்கப்படுகிறது. 1864-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் அவர்கள் குடும்பத்துப் பட்டறையில் நைட்ரோகிளிசரின் என்ற வெடிதிரவம் வெடித்தது. நோபலின் தம்பி எமில் உள்பட சிலர் மாண்டார்கள். ஊருக்குள் இந்த வேலையே கூடாது என்று தடை வந்தது. நோபல் தமது சோதனையை ஏரியில் ஒரு படகுக்கு மாற்றினார்.

வெடியைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அன்றைக்கு யாரும் இல்லை. அவரே அதை ஊருக்குள் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. நம்மால் பரண் மேல் வைத்துக் காப்பாற்ற முடியுமா?

பயமும் ஒரு எதிரி

அலகரைச் சம்பவத்துக்கு 13 நாள் முன்பு, மே 27-ந் தேதி, கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணி யானை இறந்தது. உணவுக்குள் வைத்த வெடியைக் கடித்து, வாய் புண்ணாகி, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிரை விட்டது. நாடே கண்ணீர் வடித்தது. பன்றிக்கு வைத்தாலும் மீனுக்கு வாங்கினாலும், கடிப்பது யார் என்று வெடிக்குத் தெரியாது.

தெரிந்தும் ஏன் ஒளிக்கிறார்கள்? பயம்தான் காரணம். வெடி மிச்சம் இருக்கிறது என்று போலீசில் சொன்னால் தன் மேலேயே வழக்கு வரும் என்ற பயம். அதனால் மிச்சம் வீட்டிலேயே கிடக்கிறது. சாவு விழுந்த பிறகும் உண்மையை மறைக்கச் சொல்வது அதே பயம்தான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில், லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைத் தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் அறிவித்தது உண்டு. ஜனங்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். துப்பாக்கிக்குச் செய்ததை வெடிக்கும் செய்யலாம். ஆனால் வெடியை ஜனங்கள் கையில் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. தகவல் மட்டும் சொன்னால், தெரிந்தவர்கள் வந்து எடுத்துப் போக வேண்டும். சொன்னவர் மேல் வழக்கு இல்லை என்று கிராமம் கிராமமாகத் தண்டோரா போட்டால், பல பரண்கள் காலியாகும்.

தாய்மார்கள் செய்ய வேண்டியது

வீட்டில் என்ன இருக்கிறது என்பது தாய்மார்களுக்குத் தெரியாமல் போகாது. ஆண்கள் இப்படி ஒரு பொருளைக் கொண்டுவந்தால், வாசலிலேயே மறித்துக் கேளுங்கள். "பிள்ளை இருக்கும் வீட்டில் இது எதற்கு?" என்ற ஒரு கேள்வி போதும்.

சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பில் போடாதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு 112-க்குப் போன் செய்யுங்கள். அடி பட்டுவிட்டால் 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். எதையும் மறைக்காதீர்கள்.

உருண்டையாக, நூல் சுற்றி, வழியில் கிடக்கும் எதையும் எடுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சோறு ஊட்டும்போதே சொல்லலாம்.

அலகரைச் சிறுவன் உயிரோடு இருந்தால் இன்று வளர்ந்த பையனாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். இன்னொரு தாய் அப்படிக் கணக்குப் பார்க்கும் நிலை வரக் கூடாது. மிச்சச் சோறு வீட்டில் இருக்கலாம். மிச்ச வெடி இருக்கவே கூடாது.