குடும்பப் பெயருக்குள் ஒரு புதையல்: ‘தி கிருஷ்ணா கீ’ படித்துவிட்டு நாங்கள் போட்ட சண்டை

காலடிப்பேட்டையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வாசிப்பு வட்டம் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர்தான் வருவோம். கல்லூரி மாணவர்கள், மணலி கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் ஓர் அண்ணன், பள்ளி ஆசிரியையான ஓர் அக்கா. அம்பேத்கர், பெரியார், அயோத்திதாசர் என்று போய்க்கொண்டிருந்தது. போன மாதம் இளையவர்கள், “எப்பப் பாத்தாலும் கட்டுரையே படிக்கிறோம், ஒரு தடவை கதை எடுங்க” என்றார்கள். அஸ்வின் சாங்கி ஆங்கிலத்தில் எழுதி 2012இல் வெளிவந்த ‘தி கிருஷ்ணா கீ’ நாவலை எடுத்தோம். தொல்லியல், கொலை, சங்கேதம், துரத்தல் எல்லாம் கலந்த கதை. ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு ஒரு மாணவி முழுக் கதையையும் இரண்டு மணி நேரம் நடித்தே காட்டிவிட்டாள்.

கதை இதுதான். ராஜஸ்தானில் காலிபங்கன் என்கிற ஹரப்பா நாகரிகத் தளத்தில், சிந்து எழுத்துகளை ஆராயும் அறிஞர் ஒருவர் கொல்லப்படுகிறார். பழங்கால முத்திரைகளைத் தன் நண்பர்களிடம் அவர் பிரித்துக் கொடுத்து வைத்திருக்கிறார். பழி, வரலாற்றுப் பேராசிரியரான நண்பர் ரவி மோகன் சைனி மேல் விழுகிறது. அவர் ஓடுகிறார், போலீஸ் துரத்துகிறது. தன்னைக் கல்கி அவதாரம் என்று நம்பும் கொலைகாரன் ஒருவன் குறுக்கே வருகிறான். வழியெல்லாம் கிருஷ்ணன் வரலாற்று மனிதன்தான், ஹரப்பா மக்களும் வேதகால மக்களும் ஒருவரே, துவாரகை கடலுக்குள் மூழ்கியது உண்மையே என்று ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு வகுப்பு எடுத்துக்கொண்டே போகும்.

கருத்துச் சொல்லும் நேரம் வந்தது. பெரும்பாலானோருக்குப் புத்தகம் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கும் ஓடியது. இரவுப் பணியில் இரண்டே இரவில் முடித்தேன். ஆனால் மூன்று பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “என்ன இருந்தாலும் நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காருப்பா.” எனக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது.

இந்த வகை நாவலின் வெற்றியே அந்த வாக்கியத்தில் இருக்கிறது. மேடையில் ஒருவர் நின்று ‘சரஸ்வதி நாகரிகம்’ என்று பேசினால் எங்கள் பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்பார்கள். அதையே ஒரு பேராசிரியர், போலீஸிடமிருந்து தப்பி ஓடும்போது மூச்சிரைக்கச் சொன்னால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அடுத்த பக்கம் என்ன ஆகும் என்ற பதற்றத்தில் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. காலிபங்கன் உண்மை, முத்திரைகள் உண்மை, எஸ்.ஆர். ராவ் துவாரகைக் கடலில் ஆய்வு செய்தது உண்மை. இந்த உண்மைகளோடு கை கோத்துக்கொண்டு பொய்யும் உள்ளே வந்துவிடுகிறது.

சிந்து முத்திரையை வைத்து நிஜமாகவே நடந்த திரில்லர் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு என்.எஸ். ராஜாராமும் நட்வர் ஜாவும் சிந்து எழுத்தைப் படித்துவிட்டதாக ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் குதிரை முத்திரை ஒன்றும் இருந்தது. வேதத்தில் எங்கும் குதிரை, ஹரப்பாவிலோ குதிரையைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த ஒரு முத்திரை கிடைத்துவிட்டால் இரண்டும் ஒன்றே என்று நிறுவிவிடலாம். அதே ஆண்டு அக்டோபரில் மைக்கேல் விட்செலும் ஸ்டீவ் ஃபார்மரும் ‘ஃப்ரண்ட்லைன்’ இதழில் அதை உடைத்தார்கள். அது உடைந்துபோன ஒற்றைக்கொம்புக் காளை முத்திரை. மங்கலான படத்தைக் கணினியில் மெருகேற்றிக் குதிரையாக்கியிருந்தார்கள். கொலை இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனாலும் சாங்கியின் நாவலைவிட இது எனக்குப் பெரிய மர்மக்கதை.

தேதி, குதிரை பற்றிய பிழைகளைக் காட்டுவதோடு இதை முடித்துவிட முடியாது. மாணவி கதை சொல்லும்போது நாங்கள் எல்லோரும் சிரித்துக் கடந்த ஓர் இடம் இருந்தது. சைனிக்கும் நண்பர்களுக்கும் இடையே இருக்கும் தொடர்பு எப்படித் துலங்குகிறது தெரியுமா? அவர்களுடைய குடும்பப் பெயர்களில் இருந்து. வார்ஷ்ணேய் என்றால் விருஷ்ணி குலம். சைனி என்றால் சைனேயர். போஜராஜ் என்றால் போஜர். எல்லோரும் கிருஷ்ணனின் யாதவக் குலக் கிளைகளின் வழித்தோன்றல்கள். அதாவது, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த வால்தான் நாவலின் துப்பு. ஐந்தாயிரம் வருட ரகசியம் அங்கேதான் பத்திரமாக இருந்திருக்கிறதாம்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கவேண்டும் என்று தீர்மானம் போட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்த வால் ஒரு புதையல் வரைபடம் என்று சொல்லும் கதையை நாம் ‘சுவாரசியம்’ என்று படிக்கிறோம். நான் இதைச் சொன்னதும் அறை கொஞ்சம் அமைதியானது. டிரெய்லர் ஓட்டும் அண்ணன் மட்டும், “அப்போ என் பேருக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லியே, எனக்கு முத்திரை கிடைக்காதா தம்பி?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விக்கு நாவலுக்குள் பதில் இல்லை. அந்த உலகத்தில் பெயரும் வம்சமும் இல்லாதவனுக்குக் கூலியாளாகக்கூட வேலை கிடையாது.

2003இல் வந்த டான் பிரவுனின் ‘டாவின்சி கோட்’ நாவலுக்கும் ரத்த வழிதான் முதுகெலும்பு. ஆனாலும் அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டான் பிரவுன் திருச்சபை என்கிற அதிகாரத்தோடு மோதினார். அந்தப் படத்தைத் தமிழ்நாடு அரசு 2006இல் தடை செய்து, உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்த கதை பலருக்கு நினைவிருக்கும். சாங்கியின் நாவல் எந்த அதிகாரத்தோடும் மோதவில்லை. ஏற்கனவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் காதில் அவர்களுக்குப் பிடித்ததையே ரகசியம் மாதிரி சொல்கிறது.

பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் எழுந்தான். “அப்படின்னா நாம ஒண்ணு எழுதணும் தோழர். கீழடியை வெச்சு. வில்லன் டெல்லியில இருந்து வர்றான்.” கைதட்டல் கிடைத்தது. அவன் கோபம் எனக்குப் புரிகிறது. கீழடியில் நடந்ததே ஒரு திரில்லர்தானே. முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் அவர் கொடுத்த 982 பக்க அறிக்கையை, 2025 மே மாதம் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது இந்தியத் தொல்லியல் துறை. அவர் தன் முடிவுகளில் நின்றார். அடுத்த மாதமே மீண்டும் ஓர் இடமாற்றம்.

ஆனாலும் அந்தக் கைதட்டலில் நான் சேரவில்லை. கிருஷ்ணன் இருந்த இடத்தில் ஒரு பாண்டியனை வைத்து, யாதவக் குலத்துக்குப் பதில் தமிழ்க் குடி என்று மாற்றிவிட்டால் அது புதுக் கதையா? பூட்டு அதேதான், சாவியில் மட்டும் பெயர் மாறியிருக்கிறது. கீழடியில் கிடைத்தவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பானையோடுகளில் கீறப்பட்ட ஆதன், குவிரன் போன்ற பெயர்கள். அந்தப் பெயர்களுக்கு வால் இல்லை. அதை வைத்து ‘அன்றே தமிழன் சாதி இல்லாமல் வாழ்ந்தான்’ என்று ஒரே தாவாகத் தாவிவிடவும் கூடாது. பெயரை வைத்து அவ்வளவு தூரம் போனால் நாமும் சாங்கி செய்ததையே செய்கிறோம். அகழாய்வுக் குழிக்குள் தினக்கூலிக்கு மண் அள்ளும் பெண்கள் இன்று எந்தத் தெருவில் இருந்து வருகிறார்கள் என்று கேட்காத ஒரு கீழடி நாவலால் யாருக்கு என்ன பயன்?

ஆசிரியை அக்கா என்னை விடவில்லை. “நீங்க சொல்றது சரி. ஆனா அயோத்திதாசரும் சொல்லை உடைச்சு, பேரை உடைச்சுத்தானே வரலாறு எழுதினார்? அவர் செஞ்சா ஆய்வு, இவர் செஞ்சா மோசடியா?”

நல்ல அடி. ஒரு நிமிடம் திணறிப் போனேன். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் எழுதிய சொல்விளக்கங்கள் எல்லாமே இன்றைய மொழியியலில் நிற்கும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அவர் என்ன தேடினார் என்று பாருங்கள். இழிந்தவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் எப்போது, யாரால், ஏன் ஒதுக்கப்பட்டார்கள் என்று தேடினார். சொத்துக்கு வாரிசு யார் என்று தேடவில்லை, திருட்டு எப்போது நடந்தது என்று தேடினார். அம்பேத்கர் 1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலை எழுதியபோது, ஆதாரச் சங்கிலியில் கண்ணிகள் அறுந்திருக்கும் இடங்களில் கற்பனையைத் துணைக்கொள்ள வேண்டியிருந்ததை முன்னுரையிலேயே ஒளிக்காமல் பேசுகிறார். எது சான்று, எது ஊகம் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. திரில்லர் அந்தக் கோட்டை அழித்துத்தான் பிழைக்கிறது. அக்கா பாதிதான் ஒப்புக்கொண்டார். மீதிப் பாதி இன்னும் எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

எனக்கு வேண்டிய தொல்லியல் மர்மக்கதைக்குச் சேலத்தில் கரு இருக்கிறது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில். அங்கே இருப்பது புத்தர் சிலை என்று 2011இல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் சொல்லித் தொல்லியல் துறை போய்ப் பார்த்தது. தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காதுகள். உடலிலிருந்து துண்டான தலையைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள், அதுவும் கொஞ்சம் சாய்வாக. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர்தான் என்றது. இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு, புத்தர் என்று பலகை வைக்க வேண்டும், பூசை கூடாது என்று உத்தரவிட்டது. அந்தப் பெயரை யோசியுங்கள். தலைவெட்டி. நடந்த குற்றம் பெயராகவே எல்லோர் வாயிலும் இருந்திருக்கிறது. அங்கே வில்லன் யார் என்பதும் லேசில்லை. முனியப்பனுக்குப் படையல் போட்டவர்கள் உழைக்கும் சனங்கள். தலையை வெட்டியது அவர்கள் என்று சொல்லிவிட முடியுமா?

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பெயரே இருக்கிறது. காலடிப்பேட்டை என்றதும் ‘சாமியின் காலடி பட்ட இடமா?’ என்று கேட்பார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனி ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை இது. காலெட் பேட்டை தேய்ந்து காலடிப்பேட்டை ஆனது. மெட்ரோ நிலையப் பலகையில் இந்தப் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். ஏற்றுமதித் துணிக்காக ஒரு வெள்ளைக்காரர் நெசவாளர்களைக் கொண்டுவந்து வைத்த கதை அதற்குள் இருக்கிறது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1707இல், கறுப்பர் நகரத்தில் எந்தத் தெரு வழியாக யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்று வலங்கைக்கும் இடங்கைக்கும் மூண்ட சண்டையில் ஊரே நின்றுபோனது. கம்பெனி என்ன செய்தது? சாதியை ஒழிக்கவில்லை, தெருவைப் பிரித்துக் கொடுத்தது.

வடக்கே கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலில் கலக்கிறது. எங்களுக்கு அது அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகம். அதே ஆற்றின் மேற்பகுதியில் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று சாந்தி பப்புவின் குழு 2011இல் நிறுவியது. அந்தக் கருவியைச் செய்த கைக்கு எந்தக் குலப் பெயரும் ஒட்டாது. அந்தக் கை நம்மைப்போன்ற மனிதருடையதுகூட இல்லை, நமக்கும் முந்தைய ஏதோ ஒரு மனித இனத்தினுடையது.

அடுத்த மாதத்துக்கு ‘தீண்டப்படாதவர்கள்’ எடுத்திருக்கிறோம். அதற்கு முன் ஒரு ஞாயிறு அதிரம்பாக்கம் பக்கம் போய்வரலாம் என்று மாணவி சொன்னாள். டிரெய்லர் அண்ணன் வண்டி பேசித் தருகிறேன் என்றிருக்கிறார். கீழடி நாவல் எழுதப்போன தம்பி முதல் அத்தியாயத்தை அனுப்பியிருக்கிறான். அதில் இன்னமும் ஒரு பேராசிரியர்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். குழிக்குள் நிற்கும் பெண்ணுக்கு ஒரு பெயர் வை என்று பதில் எழுதினேன்.