நாட்டு நாய்க்கு நோயே வராதா? ராஜபாளையம், முதோல் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஓசூரில் ஷிப்ட் வேலை, ராயக்கோட்டையில் வீடு, வாசலில் காவலுக்கு ஒரு ராஜபாளையமோ முதோலோ. இப்படி நாய் வளர்க்க நினைப்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் அட்வைஸ், "நாட்டு நாய்ங்க, அதுக்கு டாக்டரே தேவையில்ல." இந்த நம்பிக்கைதான் இந்த இனங்களுக்கு இன்று பெரிய ஆபத்து.

2005-இல் இந்த இரண்டு இனங்களுக்கும் தபால் தலை வந்தது. 2020 ஆகஸ்ட் 30 அன்று 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் மோடி இவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பெருமை கிடைத்த அளவுக்குப் பராமரிப்பு பற்றிய பேச்சு வரவில்லை.

வெள்ளை நிறமும் காதும்

ராஜபாளையத்தில் தூய வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு உள்ள குட்டிக்குத்தான் கிராக்கி. ஆனால், அந்த வெள்ளைக்குக் காரணமான நிறமிக் குறைபாடு உள்காதையும் பாதிக்கலாம். அதனால் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும். லாரிகள் ஓடும் ராயக்கோட்டை சாலை ஓரத்தில், ஹாரன் கேட்காத நாய்க்கு என்ன ஆகும்? குட்டி வாங்கும்போது அதன் பார்வையில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. காது கேளாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது.

நைட் ஷிப்ட்டும் வயிறும்

நெஞ்சுக்கூடு ஆழமாக உள்ள பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே வேளையில் மொத்த உணவையும் போடுவதும், நாய் அதை அவசர அவசரமாக விழுங்குவதும் இந்த ஆபத்தைக் கூட்டும். டியூட்டி முடிந்து வந்து ராத்திரி ஒரே தட்டில் கொட்டுகிற வீடுகள் இதை யோசிக்க வேண்டும். உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள். வயிறு உப்பி, நாய் நிலைகொள்ளாமல் தவித்து, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

உண்ணிக் காய்ச்சல்

மாடும் தோட்டமும் உள்ள ஊரில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. எர்லிக்கியா, பபீசியா கிருமிகள் நாய் உண்ணி வழியாகத்தான் பரவுகின்றன. சோர்வு, காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய் மேல் ஊற்றுவதும், வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபென் கொடுப்பதும் விஷமாகிவிடலாம்.

மயக்க மருந்து

வேட்டை நாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் சில மயக்க மருந்துகளின் தாக்கம் இவற்றுக்கு நீண்ட நேரம் நீடிக்கும். கருத்தடை போன்ற ஆபரேஷனுக்கு முன் என்ன இனம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த நாய்களுக்கு இயல்பு. "இளைச்சுப் போச்சே" என்று சோற்றை ஏற்றாதீர்கள்.

தடுப்பூசி அட்டவணை

பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 3-4 வார இடைவெளியில் போட வேண்டும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். அதன்பின் மருத்துவர் சொல்லும் தேதியில் பூஸ்டர். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய் ஊசியை இலவசமாகப் போடுவது வழக்கம்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. நாட்டு இனத்தைக் காப்பாற்றுவது என்பது ஸ்டேட்டஸில் போட்டோ வைப்பதோடு முடிவதில்லை. குட்டி வாங்கும்போது நிறத்தையும் உயரத்தையும் விசாரிப்பவர்கள், தாய் தகப்பன் நாய்களுக்குக் காது கேட்கிறதா, ஊசி போட்ட அட்டை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் கவனிப்பார்.