பெடல் துடித்தால் முதலில் அளவு, பிறகு செலவு

தலைவாசல் சந்தைக்குத் தக்காளி, ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு, உழவர் சந்தைக்குக் கீரை ஆகியவை இன்று பெரும்பாலும் பிக்கப் வண்டிகளிலேயே செல்கின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் மாட்டு வண்டி இருந்த இடத்தை இவ்வண்டிகள் பிடித்துக்கொண்டன. மாடு நொண்டினால் எந்தக் காலில் குறை என்று நடையைக் கொண்டே சொல்லிவிடுவார் உழவர். ஆனால் பிரேக் பெடல் காலடியில் துடித்தால், "பழைய வண்டி அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார். அல்லது பட்டறையில் சொன்னபடி பேடு, டிஸ்க் எல்லாவற்றையும் மாற்றுகிறார். இரண்டுமே தவறு. முன்னது உயிருக்குக் கேடு. பின்னது கைமுதலுக்குக் கேடு.

துடிப்பு எதனால்?

முன் சக்கரத்தில் சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேடுகள் அழுத்தி வண்டியை நிறுத்துகின்றன. டிஸ்க் சுற்று முழுதும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போனால், தடித்த இடம் வரும்போதெல்லாம் பேடு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல் பிரேக் எண்ணெய் வழியாகப் பெடலுக்கு வருகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடே காலுக்குத் தெரிந்துவிடும். இது தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே அளக்காமல் "டிஸ்க் போச்சு" என்று சொல்வது வெறும் ஊகமே.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

சுமை இல்லாத வண்டியை, ஆள் நடமாட்டமற்ற சமதளச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்காமலே வண்டி ஆடினால் குறை டயரிலோ, ரிம்மிலோ, பேரிங்கிலோ இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து உதறினால் முன் சக்கரத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து இருக்கையும் பெடலும் அதிர்ந்தால், பின் டிரம் கோணியிருக்க வாய்ப்பு அதிகம். இதை உறுதி செய்ய, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இழுக்கலாம். அப்போதும் துடித்தால் குறை பின்னால்தான். ஏ.பி.எஸ். பொருத்திய வண்டியில், சரளை மண்ணில் திடீரென மிதிக்கும்போது பெடல் நடுங்குவது இயல்பே. நல்ல சாலையில் மெதுவாக மிதிக்கும்போதும் நடுங்குவது இயல்பன்று.

பெடல் தளர்ந்து கீழே இறங்கினாலோ, எண்ணெய் கசிந்தாலோ, சக்கரம் ஆட்டம் கொடுத்தாலோ சோதனையே வேண்டாம். வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

புது டிஸ்க்கும் ஏன் துடிக்கிறது?

டிஸ்க் மாற்றிச் சில மாதங்களில் துடிப்பு திரும்பி வருவதைப் பலர் கண்டிருப்பர். குறை பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை. அது உட்காரும் ஹப்பில் இருக்கிறது. ஹப்பின் முகத்தில் துருவோ மண்ணோ ஒட்டியிருந்தால் புது டிஸ்க்கும் சற்றுச் சாய்ந்தே சுழலும். முதலில் ஒன்றும் தெரியாது. ஆனால் பிரேக் பிடிக்காதபோதும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடில் உரசி உரசித் தேய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் துடிப்பு தொடங்கிவிடும். வீல் நட்டுகளை ஒரு பக்கமாக இறுக்குவதும், ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்து இறுக்குவதும் இதே கேட்டைத் தரும். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில், கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

மலைப் பாதையும் சுமையும்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டரை டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்தைப் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், எண்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் எழும். கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். அடிவாரத்தில் நிறுத்தியவுடன் பெடலை மிதித்தபடியே இருப்பதும், ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுப்பதும், சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவதும் கூடா. கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். அதிகச் சுமையும் அதே வெப்பத்தைத்தான் கூட்டுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடை மிச்சம் என்று எண்ணுவோர் இக்கணக்கையும் பார்ப்பது நல்லது.

கேட்டுப் பெற வேண்டியது

பட்டறையில் உழவர் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, டிஸ்க்கின் கனத்தை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். இரண்டு, டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் சாய்வைப் பார்க்க வேண்டும். மூன்று, ஹப்பைச் சுத்தம் செய்த பிறகே எதையும் பூட்ட வேண்டும். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் போதிய கனம் இருந்தால் கடைசல் பிடிக்கலாம்; இல்லையெனில் அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை.

லாரிக்குக் கூடு கட்டுவதில் நாடறிந்த ஊர் நாமக்கல். இங்கே கருவிக்கும் கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. கேட்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம். சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள், அறுவடைப் பருவத்துக்கு முன் ஒரு நாளைச் சரக்கு வண்டிப் பராமரிப்புக்கு ஒதுக்கினால் பெரும் பயன் விளையும். விளைவித்ததைச் சந்தை சேர்ப்பதும் வேளாண்மையின் ஒரு பகுதிதான். அந்த வண்டியில் காய்கறிக் கூடையோடு குடும்பமும் ஏறுகிறது என்பதை மறந்துவிடலாகாது.