மரம் நடுவோர் மண்ணை அறிக

சுங்கை ரம்பாய் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு மரம் நிற்கின்றது. ரம்பாய், இம்மண்ணுக்கே உரிய கனிமரம். மலாக்கா என்னும் பெயரும் பரமேஸ்வரன் இளைப்பாறிய நெல்லி மரத்தால் வந்தது என்பது மரபு. நிலத்தைக் குறிஞ்சி என்றும் முல்லை என்றும் அதனதன் செடிகொடியால் பெயரிட்டு அறிந்த இனம் நம்மினம். அவ்வினத்தவருள்ளும், மரம் நடுவிழா என்றதும், “எந்த மரமானால் என்ன? பச்சையாய் இருந்தால் போதாதா?” என்று கேட்போர் உளர். போதாது என்பதே என் வாதம்.

1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிரேசில் நாட்டு அம்மரம் நம் முன்னோர்க்குச் சோறிட்டதை மறுப்பாரில்லை. பின்னர் ஆப்பிரிக்கச் செம்பனை வந்தது. ஆனால், அவை தோட்டங்கள். ஒரே மரத்தை வரிசையாய் நிறுத்தினால் காடு ஆகிவிடுமா?

அயல்மரம் விரைந்து வளரும் என்பர். 1982இல் மரப்பற்றாக்குறையைப் போக்கத் தீபகற்ப மலேசியாவில் அக்கேசியா மரங்களைப் பெருமளவில் நடத் தொடங்கினர். அவை விரைந்தே வளர்ந்தன. நடுத்தண்டு அழுகும் நோயும் விரைந்தே வந்தது. 1992இல் அந்நடவு நிறுத்தப்பட்டது.

நம் காட்டுமரங்களை வளர்ப்பது அரிது என்பர். அரிதுதான். மெரந்தி போன்றவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே மிகுதியாய்க் காய்க்கும். அவ்விதைகளைச் சேமித்து வைத்தல் இயலாது. விழுந்த சில நாள்களிலேயே முளைக்க வைத்தல் வேண்டும். இளங்கன்றுகளுக்கோ நிழல் வேண்டும். அரிது என்பதனால் இயலாது என்றாகிவிடுமா? கெப்போங்கைப் பாருங்கள்! ஈயம் தோண்டிக் கைவிடப்பட்டும், காய்கறி பயிரிட்டு வளமிழந்தும் கிடந்த நிலம் அது. 1920களில் அங்கே உள்நாட்டு மரங்களை நடத் தொடங்கினர். இன்று அது கப்பூரும் மெரந்தியும் வானளாவும் காடு. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் அவ்வளாகத்தை யுனெஸ்கோ 2025இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மனிதன் கெடுத்ததை மனிதனே மீட்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தமிழாசிரியப் பெருமக்களே, மாணவ மணிகளே! தோட்டங்களை அழிக்கச் சொல்லவில்லை. பள்ளி வளாகத்தின் ஓரத்திலும், அரிப்புற்ற ஆற்றங்கரையிலும், வெட்டுண்டு பாழான காட்டிலும் இம்மண்ணின் மரங்களையே நடுங்கள். முதலில் ஒரு ரம்பாய்க் கன்றை நட்டு, ஊர்ப்பெயரின் பொருளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நட்டதோடு நில்லாமல், வேர்கொள்ளும்வரை காத்துநில்லுங்கள்.

நம் பாட்டன்மார் கூலிக்காகப் பிறர் ஏவலில் இக்காட்டை வெட்டினர். நாமோ இந்நாட்டின் குடிமக்கள். நம் மண்ணின் மரத்தை நாம் நட யாருடைய ஏவலுக்குக் காத்திருக்கின்றோம்?