கட்டுரைக்குக் காசு கட்டுவது யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகள் கழிக்கும் கசடை, மணலுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் கலக்க முடியுமா? திருவள்ளூர் மாவட்டப் பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆராய வேண்டிய கேள்விதான். சிமெண்ட், கியூப் அச்சு, ஆய்வகச் செலவு எல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். முடிவை வெளியிடப் போனால், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய வெளிநாட்டுத் திறந்த அணுகல் இதழ் 2,000 டாலர் கேட்கிறது. சுயநிதிக் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு அது சில மாதச் சம்பளம்.

கட்டுரை எண்ணிக்கையைக் கேட்பது கல்லூரி. நாக் தர மதிப்பீட்டிலும் என்ஐஆர்எஃப் தேசியத் தரவரிசையிலும் பலன் பெறுவதும், அதை நெடுஞ்சாலை ஓரப் பலகையில் விளம்பரம் செய்வதும் அதே கல்லூரி. அப்படியானால் கட்டணமும் கல்லூரியின் கணக்கில்தான் வர வேண்டும்.

நிர்வாகம் பணம் கட்டினால் போலி இதழ்கள்தானே கொழிக்கும் என்பார்கள். நியாயமான அச்சம். ஆய்வாளர்களை ஏமாற்றிய ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் பதிப்பகத்துக்கு எதிராக 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது நினைவிருக்கலாம். ஆனால் 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), ஏற்கத்தக்க இதழ்களின் 'கேர்' பட்டியலைக் கைவிட்டு, நல்ல இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. தேர்வு கல்லூரியுடையது என்றான பிறகு செலவு மட்டும் ஆசிரியருடையதா?

பல நேரம் கட்டணமே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. படிப்பவர் பணம் கட்டும் சந்தா, திறந்த அணுகல் இரண்டும் உள்ள இதழில், கட்டுரை ஏற்கப்பட்டதும் எந்த வழி என்று திரையில் கேட்பார்கள். சந்தா வழியைத் தேர்ந்தால் பொதுவாகப் பைசா செலவில்லை. விவரம் சொல்ல ஆளில்லாமல் கடன் வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. இந்திய அறிவியல் அகாடமியின் 'சாதனா' போன்ற உள்நாட்டுப் பொறியியல் இதழும் இருக்கிறது. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

மத்திய அரசுக்கும் பங்கு உண்டு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அதன் மூலம் சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். தரமான திறந்த அணுகல் இதழ்களில் எழுதுவோருக்கு ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் உதவியும் அதில் அடக்கம். முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். கவரைப்பேட்டை முதல் ஆவடி வரையிலான சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள் வெளியே நிற்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அவர்களையும் சேர்க்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த இணைப்பு நீட்டிப்பு விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: உங்கள் ஆசிரியர்களின் கட்டுரைகளுக்குச் சென்ற ஆண்டு கட்டிய கட்டணம் எவ்வளவு, அது யார் பணம்?