புதிதாய்ப் பிறக்கும் பழந்துப்பாக்கிகள்

இத்தாலியின் ப்ரெஷா வட்டாரம் நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள உபெர்த்தி, பியெத்தா ஆகிய நிறுவனங்கள் 1851ஆம் ஆண்டின் கோல்ட் 'நேவி', 1858இன் ரெமிங்டன் ஆகியவற்றின் வடிவில் ரிவால்வர்களைச் செய்து விற்கின்றன. எஃகு புதியது, பித்தளைக் காவல்வளையம் புதியது, பெட்டியும் புதியது. ஆயினும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் முன் அது 'பழந்துப்பாக்கி'. உரிமம் பெற்ற வணிகரின் கடைக்குப் போக வேண்டியதில்லை. வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கவும் வேண்டியதில்லை. கூட்டரசுச் சட்டத்தைப் பொறுத்தவரை அது அஞ்சலில் வீட்டு வாசலுக்கே வந்து சேரலாம். 1899இல் வார்க்கப்பட்டுத் துருவேறிக் கிடக்கும் ஒரு தோட்டா ரிவால்வருக்கு இச்சலுகைகளில் ஒன்றுமில்லை. சென்ற மாதம் பிறந்தது பழையதாகவும், நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டியது புதியதாகவும் எண்ணப்படும் இந்த விந்தையைச் சட்ட அறிஞர்கள் 'வரையறைச் சிக்கல்' என்று சொல்லி எளிதாகக் கடந்துபோகின்றனர். ஆனால் இங்கு ஒரு சொல் தவறான வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது. அவ்வேலையால் சிலருக்கு ஆதாயமும் சிலருக்கு ஆபத்தும் விளைகின்றன.

1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இச்சொல்லுக்குள் தனித்தனி இயல்புடைய பொருள்களை ஒன்றாகக் கட்டியிருக்கிறது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட எந்தத் துப்பாக்கியும் முதல் வகை. அவற்றின் நகல்களுள், இக்கால வழக்கிலுள்ள தோட்டாக்களுக்கென வடிவமைக்கப்படாதவை இரண்டாம் வகை. (தோட்டாவுக்கென வடிவமைக்கப்பட்டிருந்தாலும், அத்தோட்டா உற்பத்தி நின்று, வழக்கமான வணிகத்தில் கிடைக்காததாக இருந்தால் அந்நகலும் இவ்வகையில் சேரும்.) குழல்வாய் வழியே கரிமருந்து அடைக்கும் துப்பாக்கிகள் மூன்றாம் வகை; இது 1998இல் சேர்க்கப்பட்டது. முதல் வகையை முடிவு செய்வது வயது. இரண்டாவதை முடிவு செய்வது வடிவ ஒப்புமையும் தோட்டாவும். மூன்றாவதை முடிவு செய்வது வெறும் இயங்குமுறை. இம்மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டா என்று தேடினால், சட்டம் அவற்றுக்கு இட்ட பெயரைத் தவிர வேறொன்றும் அகப்படாது.

முதல் வகையின் விளைவைச் சற்று நின்று பார்க்கலாம். 1873இல் அறிமுகமான கோல்ட் 'சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி' ரிவால்வரின் .45 தோட்டா இன்றும் கடைகளில் விற்கப்படுகிறது. 1895இல் செய்யப்பட்ட அந்த ரிவால்வர், இன்று வாங்கிய தோட்டாவைச் சுடக்கூடியதாயினும் பழந்துப்பாக்கியே. அதே ஆலையில் 1899இல் வெளிவந்த அதன் உடன்பிறப்பு முழுமையான ஆயுதம். இரண்டையும் பிரிப்பது சட்டகத்தில் பொறித்த வரிசை எண் மட்டுமே. அதைப் படித்து ஆண்டைக் கணிக்கத் தெரியாத அஞ்சலக எழுத்தர் என்ன செய்வார்? 1968இல் எழுபது ஆண்டு இடைவெளியில் நின்ற அந்த எல்லைக்கோடு இன்றும் அங்கேயே நிற்கிறது. சேகரிப்பாளர்களுக்கான 'அரும்பொருள்' பிரிவுக்கு ஐம்பது ஆண்டு என்னும் நகரும் கோட்டை அதே நாட்டின் விதிகள் வைத்திருக்கின்றன. நகரும் கோடு வரைய அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

சட்டமொழியியல் வகுப்புகளில் 1993ஆம் ஆண்டின் ஸ்மித் வழக்கு விருப்பத்தோடு பேசப்படுகிறது. துப்பாக்கியைக் கொடுத்துப் போதைப்பொருள் வாங்க முயல்வது துப்பாக்கியைப் 'பயன்படுத்துவது' ஆகுமா என்பதே கேள்வி. ஆகும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஒரு வினைச்சொல்லின் மேல் அத்தனை கூர்மையும் செலவழிகிறது. 'பழைய' என்னும் எளிய பெயரடையை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. கிண்ணத்துக்கும் கோப்பைக்கும் நடுவே வில்லியம் லபோவ் 1973இல் காட்டிய மங்கலான எல்லையை இங்கே சிலர் துணைக்கு அழைக்கக்கூடும். அது பொருந்தாது. லபோவின் பொருள்கள் அகலத்திலும் ஆழத்திலும் படிப்படியாக மாறி ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குள் நழுவின. இங்கோ எல்லை மங்கவில்லை, கூராகவே வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டிய இடம்தான் சொல்லின் பொருளோடு உறவற்றது.

'சட்டச்சொல் வேறு, வழக்குச்சொல் வேறு' என்பது வழக்கமான மறுமொழி. சட்டம் தன் சொற்களுக்குத் தானே பொருள் வகுக்கலாம் என்பதில் ஐயமில்லை. அப்படியானால் அச்சொல் ஒரு வெற்றுக் குறியாக, 'இரண்டாம் பிரிவுப் பொருள்' என்பதுபோல, இருந்திருக்க வேண்டும். 'பழமை' வெற்றுக் குறி ஆகாது. கண்ணாடிப் பேழை, பாட்டனாரின் அலமாரி, அருங்காட்சியகத்தின் மங்கிய விளக்கு ஆகிய அனைத்தையும் அது தன்னோடு இழுத்து வருகிறது. பழையது என்றால் ஓய்ந்தது, ஓய்ந்தது என்றால் தீங்கற்றது என்ற ஊகத்தை வரையறை எங்கும் எழுதிவைக்கவில்லை. சொல்லே அதை இலவசமாகச் செய்துவிடுகிறது.

அஞ்சல் விதிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். உடலில் மறைத்து வைக்கத்தக்க துப்பாக்கிகளை அஞ்சலில் அனுப்பலாகாது என்னும் தடை 1927இல் வந்தது. அத்தடையின் வாசகத்தில் 'பழமை'க்கு விலக்கு இல்லை. விலக்கைத் தருவது அஞ்சல் துறையின் விதித்தொகுப்பு. அரும்பொருளாகவோ அருங்காட்சியகப் பொருளாகவோ அனுப்பப்படுபவை என்ற கருத்திலேயே அது பழந்துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறது. வார இறுதியில் இலக்குப் பலகையைச் சுடுவதற்கென்றே வாங்கப்படும் புத்தம்புது ரிவால்வர் இந்த அருங்காட்சியக மொழியின் போர்வையில் பயணம் செய்கிறது.

நடைமுறையோ மொழியின் இந்த நளினத்தைப் பொருட்படுத்துவதில்லை. துப்பாக்கியை அனுப்பலாம், அதற்கான கரிமருந்தை அதே பெட்டியில் வைக்கலாகாது, அது வெடிபொருள். வெடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு உலோக மூடிகளும் அவ்வாறே. ஆனால் பழந்துப்பாக்கிக்கான விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாட்டு நோக்கங்களுக்கென்றால் 50 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 22.7 கிலோ, கரிமருந்தைக் கூட்டரசின் வெடிபொருள் உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகப் பொருளுக்கு எதற்கு இருபத்திரண்டு கிலோ மருந்து என்று யாரும் கேட்பதில்லை. தனியார் கூரியர் நிறுவனங்கள் சட்டம் தடுக்காததையும் தம் ஒப்பந்த விதிகளால் மறுக்கலாம். ஆகவே 'சட்டப்படி அனுப்பலாம்' என்பதும் 'அனுப்ப முடியும்' என்பதும் ஒன்றாகா. பரம்பரையாக வந்த உண்மையான பழந்துப்பாக்கியிலோ இன்னொரு ஆபத்து உறங்குகிறது. ஈரம் படாத கரிமருந்து பல தலைமுறை கழித்தும் வெடிக்கவல்லது. கொள்ளுப்பாட்டன் அடைத்த மருந்து குழலுக்குள் அப்படியே இருக்கக்கூடும். குச்சியைக் குழலுக்குள் விட்டு உள்ளாழத்தை வெளிநீளத்தோடு ஒப்பிடாமல் அதைப் பெட்டியில் இடுவது மடமை.

மாநிலங்களுக்கு இடையே பயணம் செய்யும்போது பழமையே உருமாறுகிறது. நியூயார்க்கின் குற்றவியல் சட்டத்தில் பழந்துப்பாக்கி என்பதில் மருந்து அடைக்கப்படாத நிலையில் உள்ள குழல்வாய்க் கைத்துப்பாக்கி அடங்கும். சுடுவதற்கான பொருள்களைக் கூடவே வைத்திருந்தாலும் அது அடைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். காலையில் பழமையாக இருந்த பொருள், மருந்துப் புட்டி வந்து சேர்ந்த மாலையில் பழமையை இழந்துவிடுகிறது. கேலிக்குரியதாகத் தோன்றினாலும் நியூயார்க் கேட்கும் கேள்வியே நேர்மையானது. இது எப்போது செய்யப்பட்டது என்பதை விட்டு, இப்போது சுடுமா என்று அது கேட்கிறது.

சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடக்கூடிய விவகாரமன்று இது. கூட்டரசுச் சட்டம் தண்டனை பெற்ற பெருங்குற்றவாளிகளுக்குத் துப்பாக்கியைத் தடுக்கிறது. 1996 முதல், குடும்ப வன்முறைச் சிறுகுற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் தடுக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் 'துப்பாக்கி' என்னும் சொல்லிலிருந்து பழந்துப்பாக்கி வெளிப்படையாக நீக்கப்பட்டுள்ளது. மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவர் ஆறு அறைகள் கொண்ட .44 கரிமருந்து ரிவால்வரை அஞ்சலில் பெறுவதைக் கூட்டரசு தடுக்காது. சில மாநிலங்கள் தம் சட்டத்தால் தடுக்கின்றன; மற்றவற்றில் அந்தப் பெண்ணுக்குத் துணை, அதை நிரப்ப நேரம் பிடிக்கும் என்ற ஒன்றுதான். இவ்வகைத் துப்பாக்கியின் ஆதரவாளர்கள் அதையே தம் வலுவான வாதமாக வைக்கின்றனர். ஒவ்வோர் அறைக்கும் மருந்து, குண்டு, பின்னால் மூடி என மெல்ல மெல்ல நிரப்ப வேண்டும் என்பது உண்மை. ஆனால் நிரப்பிய பிறகு ஆறு வெடிகள் ஆறு வெடிகளே. 1865இல் ஆபிரகாம் லிங்கனைக் கொல்ல ஜான் வில்க்ஸ் பூத்துக்கு ஒரே வெடி போதுமாயிருந்தது. அது குழல்வாய் வழியே அடைக்கும் டெரிஞ்சர், இன்றைய சட்டத்தின்படி ஐயமற்ற பழந்துப்பாக்கி. மெதுவாக நிரப்பப்படுவதுதான் விலக்குக்குக் காரணமென்றால், சட்டம் அதைச் சொல்லட்டும். அப்போது அந்தக் காரணத்தை எடைபோடலாம். 'பழமை'யை எடைபோட எந்தத் தராசும் இல்லை.

மூன்றாம் வகையில் சட்டமே தன் ஐயத்தை வெளியிடுகிறது. குழல், போல்ட், பின்கதவுக் கட்டை ஆகியவற்றை மாற்றி எளிதில் தோட்டா சுடும்படி ஆக்கத்தக்கது பழந்துப்பாக்கி ஆகாது என்கிறது. ரிவால்வரின் உயிர்நிலையான சுழலும் உருளை அந்தப் பட்டியலில் இல்லை. கரிமருந்து ரிவால்வரைத் தோட்டா ரிவால்வராக்கும் மாற்று உருளைகள் விற்பனைக்கு உள்ளன. பொருத்திய பிறகு நிலைமை வேறு, பொருத்தும்வரை அஞ்சற்பெட்டியில் இருப்பது பழம்பொருளே.

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் வேறு வழி சென்றிருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு வழக்கொழிந்த, தொல்மதிப்புள்ள, பழுதுபட்ட ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுட இயலாததாக இருக்க வேண்டும். வயதைத் தனியே கேட்பது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். அதன் நூறாண்டுக் கோடு ஆண்டுதோறும் நகர்கிறது. ஒரே துப்பாக்கி தொல்பொருளாகவும் ஆயுதமாகவும் ஒருங்கே இருக்கலாம். ப்ரெஷாவின் புது ரிவால்வருக்கோ இங்கே எந்தப் புகலும் இல்லை. இதைச் சொல்லி இந்தியாவை மெச்சிக்கொள்ளவும் முடியாது. குடகில் கொடவர்களுக்கு மரபின் பெயரால் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் காவல்துறை ஒப்படைக்கச் சொல்லும் குழல்வாய்த் துப்பாக்கிக்கு 'மரபு' என்ற பெயர் கிடைப்பதில்லை. அதற்கு வாய்த்த பெயர் 'நாட்டுத் துப்பாக்கி'. இயங்குமுறை ஒன்றே: கரிமருந்து, குண்டு, குழல்வாய், குச்சி. அமெரிக்கச் சேகரிப்பாளரின் கையில் பழம்பொருள், கொடவரின் கையில் மரபு, மலையாளியான பழங்குடி வேட்டைக்காரரின் கையில் குற்றப் பொருள்.

ஆகவே அமெரிக்கச் சட்டத்தைத் தமிழில் எழுதும் ஆய்வேடுகளும் நாளேடுகளும் அதன் 'பழமை'யை அப்படியே 'பழங்காலத் துப்பாக்கி' என்று பெயர்ப்பது அந்தச் சொல்லின் பொய்யைக் கூலியின்றிச் சுமப்பதாகும். 'குழல்வாய்த் துப்பாக்கி' என்றோ 'கரிமருந்துக் கைத்துப்பாக்கி' என்றோ எழுதலாம். 1898க்கு முந்தையது என்றால் ஆண்டையே எழுதிவிடலாம். அகராதியில் இதற்கு ஒரு கலைச்சொல் தேடுவோர், முதலில் அந்த மூன்று வகையையும் ஒரே சொல்லில் அடைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.