முகத்துவாரத்தைத் திறந்தால் சாக்கடை போய்விடுமா?

முட்டுக்காடு முகத்துவாரத்தை வருடம் முழுக்கத் திறந்துவைத்து, இரு பக்கமும் கல் கொட்டிச் சுவர் எழுப்பிவிட்டால் கோவளம் கழிமுகம் தானாகச் சுத்தமாகிவிடும் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். அழுக்கையெல்லாம் கடல் கழுவிக்கொண்டு போய்விடுமாம். திருவிடந்தையில் உட்கார்ந்து இதைப் படித்தால், இவர் படகுத் துறையைத் தாண்டி வடக்கே ஒரு நாளாவது போயிருப்பாரா என்ற சந்தேகம்தான் வருகிறது.

நம் கடலுக்கு அந்தப் பலம் உண்டா? காம்பே வளைகுடாவில் ஓதம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான். அந்தத் தண்ணீர் உள்ளே நுழைந்து, பாலத்தடியில் பரவி, சில மணி நேரத்தில் திரும்பிவிடும். வெளியே போன அழுக்கில் ஒரு பங்கு அடுத்த ஏற்றத்தில் மறுபடி உள்ளே வரும். ஈசிஆர் பாலத்தருகே தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரிகிற நாட்கள் உண்டு. அதைப் பார்த்த கையோடு பேனாவை எடுத்துவிட்டார் போலும்.

பக்கிங்காம் கால்வாயில் வடக்கே போகட்டும். சோழிங்கநல்லூர், ஒக்கியம் மடுவுப் பக்கம் ஆகாயத்தாமரை தண்ணீரே தெரியாமல் மூடிக் கிடக்கும். உப்பு ஏறினால் கருகிப்போகிற செடி அது. மழை வெள்ளம் அதைக் கடலுக்கு அடித்து வந்தால் கரையில் ஒதுங்கி அழுகிவிடும். அது தளதளவென்று நிற்கிற இடத்துக்குக் கடல்நீர் போய்ச் சேரவில்லை என்று சொல்ல ஆய்வகம் எதற்கு? பள்ளிக்கரணையிலிருந்து வடியும் கழிவுநீரும், ஓஎம்ஆர் குடியிருப்புகளின் செப்டிக் டேங்குகளை உறிஞ்சிவந்து லாரிகள் இருட்டில் திறந்துவிடுவதும் அந்தப் பக்கம்தான் இறங்குகின்றன. வாசலைத் திறந்துவைத்தால் கொல்லைச் சாக்கடை நாறாது என்று வாதாடுகிறார் இவர்.

ஒடிசாவின் சிலிகா ஏரியைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். 2000 செப்டம்பரில் அங்கே புது முகத்துவாரம் வெட்டினார்கள். மீன் வரத்து பெருகியது. அழியும் நிலையிலுள்ள ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலிருந்து 2002இல் ஏரி நீங்கியது. எல்லாம் சரி. ஆனால் சிலிகாவின் நோய் வண்டல் மண்டியதும் உப்பு குறைந்ததும். அதற்குக் கடல்நீர்தான் மருந்து. நம் கழிமுகத்தின் நோய் நகரத்தின் மலம். பொருத்தமான உதாரணம் வேண்டுமானால் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டைப் பார்த்திருக்கலாம். 2012இல் சாண்டி புயல் அங்கே மணல் தீவை உடைத்துப் புது வாயைத் திறந்தது. வாயருகே தண்ணீர் தெளிந்தது. தள்ளியிருந்த பகுதிகளில் பழுப்புப் பாசி பழையபடியே பூத்தது. வீட்டுக் கழிவுத் தொட்டிகளிலிருந்து கசியும் நைட்ரஜன் நிற்கவில்லையே!

சரி, கடல் கழுவியதாகவே வைத்துக்கொள்வோம். கழுவிக்கொண்டு போய் எங்கே வைக்கும்? கோவளத்துக்காரர்கள் வலை விடுகிற கரைக்கடலில். திருவிடந்தைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013இலும் 2024இலும் திறந்த இரண்டு ஆலைகள் இதே கடலிலிருந்து நீர் எடுத்துத்தான் சென்னைக்குக் குடிநீர் தருகின்றன. கட்டுரையாளர் வீட்டுக் குழாயிலும் அது வரக்கூடும்.

கல் சுவர் யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்ததால் மெரினா அகலமானது, ராயபுரம் பக்கம் கரை போனது. இங்கே மறித்தால் கானத்தூர் ரெட்டிக்குப்பத்து மீனவர்கள் படகு ஏற்றும் மணல் போகும். அவர்களிடம் யார் கேட்டது?

வெள்ளம் வடிய ஐப்பசிக்கு முன்பே முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்று எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரவும் அது வேண்டும். வெள்ளத்துக்கான வேலையைக் காட்டி, கழிவைக் கொட்டுகிறவர்களைத் தப்பவிடுவதுதான் பித்தலாட்டம். ஓஎம்ஆர் முழுக்கப் பாதாளச் சாக்கடை போடுவது பற்றியோ, கழிவுநீர் லாரிகளைப் பிடித்து வழக்குப் போடுவது பற்றியோ அவர் கட்டுரையில் ஒரு வரிகூடக் கிடையாது.